536 மார்க், நாலு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் கேட்பது, "ஏட்டி, அறுநூறுக்கு எவ்வளவு?" என்பதுதான். அக்கா மகள் எடுத்தது 536. சதவீதம் போட்டால் 89.33. கேட்டவர்களுக்குச் சொல்ல நல்ல எண்தான். ஆனால் எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்று அக்கா கேட்டபோது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். "நீ படிச்சது அவ்வளவுதானாக்கும்" என்று அவளுக்குக் கோபம்.

மார்க் ஷீட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். தமிழ் 96, ஆங்கிலம் 88, கணிதம் 87, இயற்பியல் 81, வேதியியல் 90, உயிரியல் 94. தியரி, பிராக்டிக்கல், இன்டர்னல் எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் இவை.

முதலில் இன்ஜினியரிங். கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 87, 40.5, 45. ஆக 200க்கு 172.5. தரவரிசைக்குப் பார்க்கிற இந்த எண்ணைத்தான் கட்-ஆஃப் என்பார்கள். தமிழில் எடுத்த 96 இதில் எங்கேயும் வராது. உயிரியலும் வராது. பிள்ளை முகம் சுருங்கிவிட்டது.

"மாமா, கால்நடைக்கு?" என்றாள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். அங்கே கணிதம் இருந்த இடத்தில் உயிரியலை வைக்க வேண்டும். 94, 40.5, 45. அதே மார்க் ஷீட், 179.5 ஆகிவிட்டது! விவசாயப் படிப்புக்கு அவள் குரூப்பில் நாலு பாடமும் பாதிப் பாதி. அப்படிப் பார்த்தால் 176. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருப்பதால் அதையும் விடவில்லை.

ராணி அண்ணா மாதிரி அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நாலையும் கூட்டுவார்கள்: 400க்கு 352. பி.ஏ. தமிழுக்கு மட்டும் தமிழ் மார்க்கை வைத்துத் தரவரிசை. அந்த 96 நேரடியாக உதவுகிற ஒரே இடம் அதுதான், அவளுக்கோ அதில் விருப்பமில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் சிபிஎஸ்இ. அவன் மார்க்கை நம் மாநில வாரிய மார்க்குக்குச் சமமாக மாற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பாடத்தில் நம் மாநில வாரியத்தின் உச்ச மார்க் 100, அவனுடைய வாரியத்தின் உச்சம் 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் 76 எடுத்திருந்தால் 80 ஆகும். ரெண்டு பக்கமும் யாராவது 100 எடுத்திருந்தால் ஒன்றும் மாறாது. இதற்குப் போய் அவன் அப்பா ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்ஜினியரிங்கில் ஒரே கட்-ஆஃப் ரெண்டு பேருக்கு வந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், அப்புறம் நாலாவது பாடம் (அவளுக்கு உயிரியல்) என்று பார்ப்பார்கள். அதற்கும் பிறகுதான் பிளஸ் டூ மொத்தச் சதவீதம், பத்தாம் வகுப்புச் சதவீதம், வயது மூத்தவர் என்று போய், கடைசியில் ரேண்டம் நம்பர். ஊரே கேட்கிற அந்த அறுநூறுக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

விடைத்தாளை மறுபடி பார்த்து மார்க்கை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. கணிதத்துக்குப் போடு என்றாள் அக்கா. இன்ஜினியரிங்தான் வேண்டுமென்றால் அவள் சொன்னது சரி, ஒரு மார்க் கூடினால் முழுசாக ஒன்று கூடும். ஆனால் கால்நடைக்கு அது பிரயோஜனமில்லை. இயற்பியலில் ஒன்று கூடினால் அரைதான், ஆனால் மூன்று கட்-ஆஃபிலும் ஏறும். அதனால் இயற்பியல் விடைத்தாள் நகலுக்கு மட்டும் விண்ணப்பித்தோம். நகல் வந்ததும் அவளுடைய டீச்சரிடம் காட்டினோம். கூட்டல் சரி, திருத்தியதும் சரி என்று சொல்லிவிட்டார். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டவில்லை. கால்நடைக்கும் வேளாண்மைக்கும் இன்ஜினியரிங்குக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, தரவரிசைப் பட்டியலுக்குக் காத்திருக்கிறோம்.