'அந்த நாள்' மறுபடி வர வேண்டும்

ஓடிய படத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். அது எதற்கு? வந்தபோது சரியாக ஓடாத நல்ல படத்தை எடுங்கள். என்னைக் கேட்டால் முதலில் 'அந்த நாள்'. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவிஎம் தயாரிப்பு.

அப்பா ரேடியோ மெக்கானிக். ஈயப் பற்று வாடை போகாத கையால் என்னைப் பிடித்து உட்கார வைத்து டிவியில் காட்டினார். தொடங்கியதுமே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி செத்து விழுகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கதை நடப்பது 1943, சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம். கொன்றது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். மலிவு விலையில் ரேடியோ செய்ய ஆசைப்பட்ட என்ஜினீயர் (சிவாஜியின் வேடம்தான்), கைகொடுக்க ஆளில்லாமல் மனம் கசந்து, எதிரிக்கே உளவாளியாகிறானே, அந்த இடத்தில்தான் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். எதிரில் மேஜையில் ஒரு பழைய வால்வு செட் பிரித்தபடி கிடந்தது.

புதிதாக எடுப்பவர்கள் அந்தக் கசப்புக்கு இன்னும் அரைமணி நேரம் கொடுக்கட்டும். பண்டரிபாய் செய்த மனைவி வேடத்துக்கும்தான். அசலில் பாட்டே கிடையாது. தயவுசெய்து புதிதாக ஒன்றும் சேர்த்துவிடாதீர்கள்.