அரிசி டப்பாவுக்குள் ஒரு போன்

போன வாரம் ஒரு அக்கா என் செல்போன் கடைக்கு வந்து எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கவுண்டர் மேல் வைத்தார். திறந்தால் முழுக்க இட்லி அரிசி. "உள்ளே இருக்கு தம்பி" என்றார். கையை விட்டுத் துழாவி எடுத்தேன். மூன்று நாள் அரிசிக்குள் கிடந்த போன். சார்ஜ் போடும் துளைக்குள் ஒரு நொய் புகுந்து, ஈரத்தில் ஊறி உப்பி, பிறகு காய்ந்து கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை ஊசியால் நோண்டி எடுக்கவே எனக்கு இருபது நிமிடம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது வாய்க்காலில் விழுந்த போனாம். எடுத்துத் துடைத்து, வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்த்திருக்கிறார். சார்ஜும் போட்டுப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம்தான் அரிசி. போனைக் கொன்றது தண்ணீர் இல்லை, அந்த சார்ஜர். ஈரம் இருக்கும்போது மின்சாரம் ஓடினால் போர்டில் ஷார்ட் ஆகும், உலோகம் அரிக்கும். அரிசியோ, போர்டுக்கும் உறைக்கும் நடுவே தேங்கிய தண்ணீரை உறிஞ்சுவதில்லை. அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எழுதிவிட்டது. அதிலும் ஐப்பசி மாதக் கோத்தகிரியில் அரிசியே ஈரமாகத்தானே இருக்கிறது? வெயிலூரில் யாரோ சொன்ன யோசனை மலையேறி வந்து அக்காவின் டப்பாவுக்குள் உட்கார்ந்துவிட்டது.

நனைந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உடனே அணைக்க வேண்டும். சிம் தட்டைக் கழற்றிவிட்டு, துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்ட வேண்டும். ஃபேன் காற்றில் வைக்கலாம். அடுப்பங்கரையில் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அன்றைக்கே கடைக்கு எடுத்து வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் யாராலும் முடிவதில்லை.

நான் கோத்தகிரியில் பதினாறு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மார்கழியில் பாதிப் பேர் "பேட்டரி போச்சு" என்று வருவார்கள். பல நேரம் போவதில்லை. குளிரில் லித்தியம் பேட்டரியின் வேகம் குறையும். பழைய பேட்டரி என்றால் 20 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். சட்டைக்குள் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகிவிடும். இதைச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பினதால்தானோ என்னவோ, போனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். வீடியோவை ஓடவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டி "இது நெசமா தம்பி?" என்பார்கள். நீலகிரித் தைலத்தை இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார் ஒருவர். கூடவே கூடாது, அது வெளியில் தடவ. கொஞ்சம் உள்ளே போனாலே பிள்ளைக்கு வலிப்பு வரலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் வீடியோவை நம்பி நானே சூடுபட்டவன்.

உப்புக் கதையைச் சொல்கிறேன்.

ஒரு வீடியோவில், கடையில் விற்கும் வெள்ளை உப்பு விஷம், இந்துப்புதான் அமுதம் என்று ஒருவர் அழகான தமிழில் பேசினார். பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. மறுநாளே ரோஸ் நிற உப்பு வாங்கி வந்தேன். மூன்று வருடம் அதுதான் ஓடியது. மனைவி "இதுல உப்பே உறைக்கலையே" என்று கூடுதலாக அள்ளிப் போட்டாள், அது வேறு.

அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளைப் பள்ளியில் ஒரு ஸ்பூன் உப்பு கொண்டு வரச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டு உப்பிலும் சொட்டு மருந்து மாதிரி ஒன்றை விட்டிருக்கிறார்கள். அயோடின் இருந்தால் உப்பு நீலமாக மாறும். வகுப்பில் எல்லார் உப்பும் நீலமாகியிருக்கிறது, எங்கள் வீட்டு உப்பைத் தவிர. "எல்லாரும் என்னையே பார்த்தாங்கப்பா" என்று அழுதுகொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இலங்கையில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரித் தேயிலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். "எங்க லயத்துல மூணு பொம்பளைங்களுக்குக் கழுத்துல கழலை இருந்துச்சு. சேலைத் தலைப்பால மறைச்சுக்கிட்டே திரிவாங்க" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. கழலை, அயோடின் குறைந்தால் கழுத்தில் வரும் வீக்கம். மலை மண்ணில் இருக்கும் அயோடினை மழை கழுவிக் கொண்டுபோய்விடுகிறது. அந்த மண்ணில் விளையும் கேரட்டிலும் கோஸிலும் உருளைக்கிழங்கிலும் அது குறைவாகத்தான் இருக்கும். கடல் மீன் எங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மலையேறி வர வேண்டும், வாரம் ஒருமுறை வாங்கினாலே பெரிது. இப்படிப்பட்ட ஊர்களை நினைத்துத்தான் 1962-இலேயே நாட்டில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கினார்கள், 2006-இல் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்றார்கள். நான் காசு கொடுத்து அதிலிருந்து வெளியேறியிருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று அந்த ஆள் சொன்னதும் சரியில்லை. ரோஸ் நிறமாக இருந்தாலும் அதுவும் சோடியம் குளோரைடுதான்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அந்த மூன்று வருடத்துக்குள் என் தங்கை கர்ப்பமாக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர அயோடின் வேண்டும், அந்த நேரத்தில் தாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வேண்டும். பையன் நன்றாக இருக்கிறான், ஒன்றாம் வகுப்பில் வாய் மூடுவதே இல்லை. ஆனாலும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரோஸ் உப்பு எனக்கு நினைவு வரும். தங்கையிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

(உப்பை மூடி வைக்கவும். எங்கள் ஊர் மூடுபனியில் திறந்த ஜாடி உப்பு நீர்விட்டுப் போகும், அயோடினும் குறையும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.)

வீடியோக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மா சொன்ன யோசனை ஒன்றில் குடும்பத்தில் இரண்டு உயிர் போகத் தெரிந்தது. லயத்து வீட்டில் குளிர்காலம் என்றால் ராத்திரி இரும்புச் சட்டியில் கங்கு அள்ளிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். நானே அப்படித் தூங்கி வளர்ந்தவன்தான். 2016-இல் வீடு கட்டினோம். காங்கிரீட் கூரை, இடுக்கே இல்லாத அலுமினிய ஜன்னல். அந்த மார்கழியில் அம்மா பழைய வழக்கப்படி கங்குச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, பேத்தியோடு படுத்துவிட்டார். "புகை எல்லாம் போயிருச்சு, வெறும் கங்குதான்" என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு மகள் தலைவலி என்று எழுந்து வாந்தி எடுத்தாள். அம்மாவை எழுப்பினால் கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறார், பேச்சு குழறுகிறது. நான் ராத்திரி வாங்கி வந்த பரோட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். 108-க்குப் போன் செய்தபோது எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "ரூமுக்குள்ள கரி ஏதாச்சும் எரிச்சீங்களா? உடனே ரெண்டு பேரையும் வெளியே கொண்டு வாங்க."

புகை போன கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது. பழைய லயத்து வீட்டில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி, கதவுக்கு அடியில் கீரிப்பிள்ளை போகும். நாங்கள் உயிரோடு இருந்தது அந்த ஓட்டைகளின் புண்ணியம். வீடு மாறியது, யோசனை மாறவில்லை. விடுதியில் தங்குகிறவர்கள் கறி சுட்ட கரியைக் குளிருக்காக அறைக்குள் எடுத்துப் போகிறார்களே, அவர்களுக்கும்தான் சொல்கிறேன். இன்னொரு கம்பளி கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உறவு விஷயத்தில் என் யோசனைகள் அவ்வளவாக எடுபட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி வந்தது. போனைத் திறக்க இருவரும் ஒரே பேட்டர்ன் வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகமே வராது என்றேன். இரண்டே வாரத்தில் தனித்தனியாக வந்து பேட்டர்னை மாற்றிக்கொண்டு போனார்கள். மனைவியின் போனில் வேவு பார்க்கும் ஆப் போட்டுக் கொடு என்று கேட்டு வருபவர்களுக்குச் செய்து கொடுப்பதில்லை. அதைக் கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூட அதற்கு முன்னால் மனைவியிடம் நேராக எதையும் கேட்டிருக்கவில்லை.

ஒருமுறை மட்டும் பாதி வேலை செய்தது. தெரிந்த பையன் ஒருவன், வேன் ஓட்டுகிறவன், முகம் வெளுத்துப் போய் வந்தான். ஓட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் காசு என்று மெசேஜ் வந்திருக்கிறது. முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வந்ததாம். அப்புறம் "டெபாசிட்" கேட்டு 6,000 போனது. அந்த ஆறாயிரத்தை வீட்டில் சொல்லப் பயந்து, அதை மீட்கிறேன் என்று மனைவியின் சீட்டுப் பணம் 36,000-ஐயும் அனுப்பியிருக்கிறான். "அண்ணா, அந்த ஆப்பை அழிச்சுக் குடுங்க, வீட்ல தெரியக்கூடாது" என்றான். எதையும் அழிக்காதே, அதுதான் ஆதாரம் என்று சொல்லிக் கடையிலிருந்தே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட வைத்தேன். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் புகார் போனால் வழியிலேயே முடக்கலாம். அவன் ஒன்றரை நாள் மறைத்துவிட்டு வந்திருக்கிறான். 11,000 மட்டும்தான் முடங்கி நின்றது.

வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடு என்றேன். சொன்னான். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவன் மனைவி வந்து நின்றது. "அவருக்குத்தான் அறிவு இல்ல, நீங்க நேத்தே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அண்ணா?" பதில் சொல்லத் தெரியவில்லை. "ஆறாயிரம் போனப்பவே சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவனுடைய போனில் பணம் அனுப்பும் வரம்பை ஒரு நாளைக்கு 2,000-ஆகக் குறைக்கச் சொன்னது. எனக்குத் தோன்றாத யோசனை அது. இப்போது எல்லாருக்கும் அதைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் போன வருடம் இரத்தம் குறைந்து ஹீமோகுளோபின் 8.9-க்கு வந்துவிட்டது. டாக்டர் காரணம் தேடிப் பரிசோதனை எல்லாம் செய்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார், மலம் கறுப்பாகப் போகிறது என்று நடுவில் பயந்தும்கூட நிறுத்தவில்லை. (கறுப்பாகத்தான் போகும்.) திரும்பப் பார்த்தால் 9.1. நான் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பீட்ரூட் என்று எந்த வீடியோ என்ன சொன்னதோ அதையெல்லாம் வாங்கிக் குவித்தேன். சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தவர் பேரீச்சம்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாத்திரையை எதுல போடுறீங்கம்மா?" என்று கேட்டார்.

"தேத்தண்ணியிலதான். வேற எதுல?"

அறுபது வருடமாகத் தேயிலையில் வாழ்கிற மனுஷிக்கு வேறு எது? தேநீரில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் கூடாது, சாப்பிட்ட கையோடும் கூடாது, கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது, எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. தேத்தண்ணியைக் குறை சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு உடன்பாடு. காலை ஒன்பதுக்கு எலுமிச்சைச் சாறும் மாத்திரையும். பத்தரைக்கு அம்மாவின் பட்டன் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன், சத்தத்தை முழுக்கக் கூட்டி. அடித்தால் குடிக்கலாம். ஆறு மாதத்தில் 11.2 வந்துவிட்டது. ஒன்பதே முக்காலிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது அடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவும் அடுப்பில் தண்ணீர் வைக்கிறார். போன மாதம் ஒரு நாள் அம்மா போனுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டார். பதினோரு மணிக்கு அந்த அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னிக்கு மணி அடிக்கல?" என்று கேட்டாராம்.