சாரா கார்ட்டருக்குப் பிடிக்காத பாட்டு

அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து வந்த கன்ட்ரி இசை எங்கே பிறந்தது என்று கேட்டால் அமெரிக்காவில் பலரும் பிரிஸ்டல் என்பார்கள். டென்னசியும் வர்ஜீனியாவும் முட்டிக்கொள்ளும் ஊர் அது. அங்கே ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் ஒரு பக்கக் கடைகள் ஒரு மாநிலம், எதிர்ப்பக்கக் கடைகள் வேறு மாநிலம். 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, அந்தத் தெருவில் தொப்பிக் கம்பெனி ஒன்றின் கட்டடத்தில் விக்டர் இசைத்தட்டு நிறுவனம் தற்காலிக ஸ்டுடியோ போட்டது. 19 குழுக்கள், 76 பாட்டுகள். அங்கேதான் பிறந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெக்சாஸ்காரர் எக் ராபர்ட்சன் 1922-லேயே நியூயார்க் போய் இதே விக்டருக்குப் பிடில் வாசித்துவிட்டு வந்தார். ஆனால் மைக் வைத்து ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறவன் என்ற முறையில், வேலைக்காக நான் திரும்பத் திரும்பக் கேட்பது பிரிஸ்டல் பதிவுகளைத்தான்.

பிரிஸ்டல் பதிவை விக்டருக்காக நடத்தியவர் ரால்ஃப் பியர். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1923-இல், ஒக்கே என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் அட்லாண்டாவுக்குக் கருவிகளோடு போனார். அங்கே போல்க் பிராக்மன் என்பவர் குடும்ப ஃபர்னிச்சர் கடையில் இசைத்தட்டு வியாபாரமும் பார்த்தார். (அப்போது கிராமபோனும் மரச்சாமான்தானே, அங்கேதான் விற்கும்.) உள்ளூர்ப் பிடில்காரர் ஜான் கார்சனைப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பியருக்கு அந்தக் குரல் சகிக்கவில்லை. சரி, கேட்கிறாரே என்று லேபிள்கூட ஒட்டாமல் 500 தட்டு மட்டும் அடித்து அனுப்பினார். அத்தனையும் விற்றுத் தீர்ந்து பிராக்மன் மேலும் கேட்ட பிறகுதான் பியருக்கு மலைப்பாட்டில் காசு இருப்பது புரிந்தது.

கார்சன் பாடியது தகரக் குழலுக்குள். அப்போது மைக் கிடையாது. பாடுகிறவரின் காற்றே ஊசியை அசைத்து மெழுகில் கீற வேண்டும். தொண்டை பெரிதாக இருப்பவர்களுக்கும், குழலுக்கு முன்னால் முண்டியடித்து நிற்கத் தெரிந்த வாத்தியங்களுக்கும்தான் அதில் இடம். 1925-இல் மின்முறைப் பதிவு வந்ததும் கதை மாறியது. வீட்டுக்குள் தொட்டில் ஆட்டும்போது பாடுகிற அளவுக்குக் குரல் எழுப்பினாலும் போதும், தட்டில் ஏறிவிடும். இந்த மாற்றம் இல்லாவிட்டால், பிரிஸ்டலில் பாடிய கார்ட்டர் குடும்பம் என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவர்கள் பிரிஸ்டலுக்கு வந்த விதம் அழகு. ஏ. பி. கார்ட்டரிடம் உருப்படியான கார் இல்லை. தம்பி எஸ்ராவின் சோளக்காட்டில் களை பறித்துத் தருகிறேன் என்று பேரம் பேசி அவருடைய காரை இரவல் வாங்கினார். காரில் மனைவி சாரா, அவள் மடியில் பால்குடி மறக்காத ஜோ, அவனைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது கிளாடிஸ், அப்புறம் எஸ்ராவின் மனைவி மேபெல். மேபெலுக்கு வயது 18, நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. வழியில் டயர் வேறு பஞ்சர்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி நாலு பாட்டு முடிந்தது. மறுநாள் ஏ. பி. வரவில்லை, பெண்கள் இருவர் மட்டும். பியர் 'சிங்கிள் கேர்ள், மேரிட் கேர்ள்' பாடச் சொன்னார். கல்யாணமாகாதவள் கடைக்குப் போய் வாங்குவாள், கட்டிக்கொண்டவள் தொட்டிலாட்டி அழுவாள் என்று போகும் பாட்டு. சாராவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கைக்குழந்தையை வெளியே விட்டுவிட்டு வந்து நிற்பவளிடம் இதைப் பாடு என்றால் எப்படி இருக்கும்? பாடினாள். அந்தப் பாட்டுதான் பிய்த்துக்கொண்டு விற்றது.

ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கொரகொரப்புக்குப் பின்னால் மேபெலின் கட்டைவிரல் கிதாரின் தடித்த தந்திகளில் மெட்டை எடுக்கிறது. மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளைத் தட்டித் தாளம் வைக்கின்றன. ஒரே கிதார்தான், இரண்டு பேர் வேலை. சாராவின் குரலில் குழைவே இல்லை. சலித்துப்போனவள் சொல்வதுபோல நேராகச் சொல்லிவிட்டுப் போகிறாள். இன்றைக்கு ஒரு டைரக்டர் பக்கத்தில் இருந்திருந்தால் "கொஞ்சம் ஃபீல் போடுங்கம்மா" என்று கெடுத்திருப்பார்.

இன்று நாங்கள் ஒரு வரிக்குப் பஞ்ச் மேல் பஞ்ச் போடுகிறோம், அதாவது பிசகிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடவைத்து ஒட்டுகிறோம். அங்கே விக்டரின் இன்ஜினியர்கள் எக்ஹார்ட்டும் லின்ச்சும் கையில் வைத்திருந்தது மெழுகுத் தட்டு. எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் கம்பளி. மோட்டார் வேகம் சீராக இருக்காது என்பதால், கனமான எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அது மெல்லக் கீழிறங்கும் இழுப்பில் தட்டைச் சுழற்றினார்கள். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். போட்டுக் கேட்கலாமா என்றால் அதுவும் வம்பு: ஊசி ஓடினால் மெழுகு கெட்டுப்போகும், அச்சுக்கு உதவாது.

பியர் கெட்டிக்காரர். உள்ளூர்ப் பத்திரிகைக்காரரை உள்ளே விட்டு, பாடகர் ஏர்னஸ்ட் ஸ்டோன்மன் போன வருஷம் இசைத்தட்டில் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று எழுத வைத்தார். அவ்வளவுதான், மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள். பாட்டுக்கு 50 டாலர் கையில், மேலே ராயல்டி. பாட்டின் காப்புரிமை மட்டும் பியர் பக்கம். அவருடைய நிஜமான வரும்படி அதுதான். அதனால் யாரும் உரிமை கொண்டாடாத பாட்டாகக் கேட்டார். ஆகஸ்ட் 4 அன்று வந்த பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸிடமும் இதே கதைதான். ஊரறிந்த பாட்டெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார்.

இதன் விளைவு ஏ. பி. தலையில் விடிந்தது. அடுத்த தட்டுக்குப் பாட்டு வேண்டுமே! மலை மலையாக, வீடு வீடாகப் போய்ப் பழைய பாட்டுகளைத் திரட்டினார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிதார்காரர், சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ. பி. வரிகளைத் தாளில் எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் வாங்கிக்கொள்வார். திரும்பி வந்து சாராவுக்கும் மேபெலுக்கும் வாசித்துக் காட்டுவார். தட்டு வெளிவரும்போது லேபிளில் ஏ. பி. கார்ட்டர் பெயர் இருக்கும்.

நாட்டுப்புற ஆல்பங்கள் சிலவற்றுக்கு நானும் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். பாடின அம்மாவின் பாட்டிக்குச் சொந்தமான பாட்டு, உறையில் தயாரிப்பாளர் மச்சான் பெயரில் வரும். அதனால் ரிடில் கதையைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

1960-களில் நாட்டுப்புற இசைக்காரர் மைக் சீகர் ரிடிலைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவுசெய்தார். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் ரிடிலிடமிருந்து மேபெல் கற்றுக்கொண்ட 'தி கேனன்பால்'. ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனிலேயே.