நோர்விச்சுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்து உடுவிலில் படித்த எங்களுக்கு ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரின் கதை மனப்பாடம். அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்து நோர்விச்சில் பிறந்து, கடல் கடந்து வந்து, 1824இல் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கி, 1833 ஜனவரியில் உடுவில் மண்ணிலேயே கண்மூடியவர். எங்கள் சரித்திர ரீச்சர் அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்: "இவை இங்க வந்து எங்களுக்குப் படிப்பிச்ச நேரம், அங்க இருந்த கறுப்பினப் பிள்ளையளுக்கு ஆர் படிப்பிச்சது?" பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இருக்கவில்லை.

அமெரிக்காவுக்குக் குடிவந்து பல காலத்துக்குப் பிறகுதான் விடை கிடைத்தது. நோர்விச்சிலிருந்து வடக்கே சுமார் 15 மைலில் கன்ரபரி என்ற சிற்றூர். அங்கே புருடன்ஸ் கிராண்டல் என்ற இளம் ஆசிரியை 1831இல் பெண்கள் விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் வந்து படித்தார்கள். ஊருக்கும் அதில் பெருமை.

அடுத்த வருடம் சாரா ஹரிஸ் என்ற இருபது வயதுப் பெண் வந்து இடம் கேட்டாள். சுதந்திரக் கறுப்பினக் குடும்பம், தகப்பன் விவசாயி. இன்னும் கொஞ்சம் படித்தால் தன் இனத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்பதுதான் அவளுடைய ஆசை. கிராண்டல் அவளைச் சேர்த்துக்கொண்டார். இவளை அனுப்பாவிட்டால் பள்ளிக்கூடம் மூழ்கிவிடும் என்று ஊர்ப் பெரிய இடத்திலிருந்து சொல்லி வந்தார்கள். மூழ்கினால் மூழ்கட்டும், அவளை வெளியே அனுப்பமாட்டேன் என்றார் அவர்.

வெள்ளையர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிராண்டல் பின்வாங்கவில்லை. 1833 ஏப்ரலில் கறுப்பினப் பெண்களுக்காக மட்டுமே பாடசாலையைத் திரும்பத் திறந்தார். பொஸ்ரன், நியூயோர்க், பிலடெல்பியா என்று தொலைவிலிருந்தெல்லாம் மாணவிகள் வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் ஊர் செய்ததை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. கடைக்காரர் சாமான் விற்க மறுத்தார்கள். பாடசாலைக் கிணற்றுக்குள் சாணத்தைக் கொட்டினார்கள். தேவாலயக் கதவும் அந்தப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. பிராவிடன்ஸிலிருந்து வந்த பதினேழு வயது ஆன் எலைசா ஹமண்டை, வேலைவெட்டியில்லாமல் அலைபவர்களுக்கென இருந்த பழைய சட்டத்தைத் தோண்டியெடுத்து, கசையடி வாங்கித் தருவோம் என்று மிரட்டினார்கள். அவள் அசையவில்லை. விடுதியில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும், அந்த வயதில் வீட்டு நினைவு ஒன்றே போதும் அழ. அந்தப் பிள்ளைகள் கல்லெறிக்கு நடுவே இருந்து பாடம் படித்தார்கள்.

அந்த மே மாதமே மாநில சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஊரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெளிமாநிலக் கறுப்பினத்தவருக்குப் படிப்பிப்பது குற்றம். ஜூனில் கிராண்டல் கைதாகி ஓர் இரவு சிறையில் இருந்தார். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது விசாரணையில், சுதந்திரக் கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று நீதியரசர் டேகற் சொல்ல, கிராண்டல் குற்றவாளியானார். 1834இல் மேல்நீதிமன்றம் ஒரு நுணுக்கக் குறையைக் காட்டி அதைத் தள்ளிவிட்டது. சட்டத்தால் முடியாததைக் கும்பல் செய்தது. செப்டெம்பர் 9ஆம் தேதி இரவு தடிகளோடு வந்து வீட்டின் ஜன்னல்களை அடித்து நொறுக்கினார்கள். பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து கிராண்டல் பாடசாலையை மூடினார்.

வின்ஸ்லோ அம்மையாரை அனுப்பிய அதே மாநிலத்தில்தான் இது நடந்தது. அவர் இறந்த அதே ஆண்டில்தான் அந்தச் சட்டமும் வந்தது. இதை நான் எங்கள் பாடசாலையைக் குறை சொல்ல எழுதவில்லை. அங்கே கிடைத்த படிப்பின் மேல் எனக்கிருக்கும் நன்றி இந்தக் கதையால் இன்னும் கனத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ஒரே வாங்கில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருக்கலாம் என்ற சம ஆசன ஏற்பாட்டைப் பொறுக்காமல் 1930ஐ ஒட்டிய காலத்தில் பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். கன்ரபரிக் கதையை எங்களால் அந்நியரின் கதையாகக் கேட்க முடியாது.

கனெக்ரிகட்டின் அந்தச் சட்டம் 1838இல் நீக்கப்பட்டது. 1886இல், முதிய வயதில் கன்சாஸில் இருந்த கிராண்டலுக்கு, கனெக்ரிகட் சட்டசபை வருடம் 400 டொலர் ஓய்வூதியம் கொடுத்தது. அவருடைய மாணவி ஜூலியா வில்லியம்ஸ் அடுத்துப் போய்ச் சேர்ந்தது கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட, நியூ ஹாம்ஷயரின் நொய்ஸ் அக்கடமி என்ற பாடசாலை. 1835இல் அந்தக் கட்டடத்தையே எருதுகளைப் பூட்டி இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் படிப்பை விடாமல், பின்னாளில் ஆசிரியையானார். சாரா ஹரிஸ் தன் மகள் ஒருத்திக்கு வைத்த பெயர் புருடன்ஸ் கிராண்டல்.

பாடசாலை நடந்த வீடு இன்றும் கன்ரபரிச் சந்தியில் நூதனசாலையாக நிற்கிறது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடல் பொஸ்ரன் பக்கம் என்றால், ஒரு நாளை இதற்கு ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோர்விச் வழியாகவே போகலாம்.