6,000 ரூபாய்க்கு மூன்று நடை

மிக்ஜாம் புயல் மழைக்கு அரசு அறிவித்து, ரேஷன் கடையில் டோக்கனுக்குக் கொடுத்த நிவாரணப் பணத்தை ஒருவழியாக வாங்கிவிட்டேன். கடுப்பு இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி, வட சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல முங்கியது. மறுநாள் படகில் வந்து எங்களை ஏற்றிப் போனார்கள். நாலு நாள் கரண்ட் இல்லை. 2015 வெள்ளத்தில் மார்க் ஷீட் எல்லாம் ஊறிப்போய், நகல் வாங்கச் சிறப்பு முகாமில் கால் கடுக்க நின்றவள் நான். அதனால் இந்தத் தடவை சர்டிபிகேட் எல்லாம் பரணில் பத்திரம்.

கோட்டை விட்டது முகவரியில். வீடு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டு இன்னும் புளியந்தோப்பு முகவரியில்தான் இருக்கிறது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் டோக்கன் வந்தது, எனக்கு வரவில்லை. டிசம்பர் 17 முதல் பணம் கொடுக்கிறார்கள் என்றதும் பழைய ரேஷன் கடைக்கு ஓடினேன். "வீட்ல ஆள் இல்லன்னு டோக்கன் திரும்பி வந்துடுச்சு, நாளைக்கு வாங்க" என்றார் அங்கே இருந்தவர். மறுநாள் போனால், அன்றைக்கு வந்த பணம் தீர்ந்துவிட்டதாம். காலையிலேயே ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தால் ஆட்டோ காசாவது மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது நடையில் டோக்கன் கிடைத்தது, ஆனால் ரேகை விழவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், எதை வைத்தாலும் மெஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. "வீட்ல வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெரியம்மா, "இன்னாத்துக்கும்மா அழுவுற? வெரல தலைல நல்லா தேச்சுட்டு வை" என்றார். தேய்த்தேன். இடது கை மோதிர விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது! பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

ரேகைக்குப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போங்கள், நிஜமாகவே சொல்கிறேன். கார்டில் பெயர் உள்ள இன்னொருவரையும் கூடவே அழைத்துப் போங்கள். டோக்கனே வராதவர்களுக்கு ரேஷன் கடையில் விண்ணப்பம் கொடுத்தார்கள்; அதில் வங்கிக் கணக்கு விவரம் எழுத வேண்டும், பாஸ்புக் நகல் கையில் இருப்பது நல்லது.

சரி, இனியாவது முகவரியை மாற்றிவிடலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். அது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. மை கரைந்து, கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டுதான் மிச்சம். வீட்டுக்காரர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் புதிதாக எழுதித் தருவாராம்.