பழைய லண்டன் ஸ்கூல்ல இப்ப குடித்தனம்

லண்டன்ல நூறு வருஷத்துக்கும் மேல பழசான ஸ்கூல் கட்டடங்கள் நிறைய இப்ப ஃபிளாட்டா மாறிடுச்சு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அந்த ஜன்னல்தான். ஏன் அவ்ளோ உயரம்னு கேட்டா கதை 1870க்குப் போகுது.

அந்த வருஷம் வந்த கல்விச் சட்டத்தாலதான் ஸ்கூல் பத்தாத இடத்துல எல்லாம் கட்டுறதுக்குன்னே போர்டு அமைச்சாங்க. லண்டன் போர்டோட ஆர்க்கிடெக்ட் ஈ. ஆர். ராப்சன். ஏழைங்க நெருக்கமா வாழ்ந்த ஏரியா, நிலம் கொஞ்சம், பிள்ளைங்க நிறைய, அதனால மாடி மேல மாடியா ஏத்தினாரு, பெரும்பாலும் குட்டிப் பசங்க கீழ, பெரிய பசங்களும் பொண்ணுங்களும் தனித்தனி மாடில, வாசலும் தனித்தனி. இன்னைக்கும் சில வாசல் மேல 'பாய்ஸ்', 'கேர்ள்ஸ்'னு கல்லுல செதுக்கினது அப்படியே இருக்கு, அத அழிக்காம விட்ட பில்டருக்கு ஒரு கும்பிடு.

இப்ப ஜன்னலுக்கு வர்றேன். வலது கையால எழுதுறப்ப கை நிழல் நோட்டு மேல விழக்கூடாது, அதனால வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து வரணும்ங்கிறதுல ராப்சன் ரொம்ப கறாரு. ஒரே ரூம்ல அத்தனை பிள்ளைங்க உக்காந்தா காத்தும் வேணும்ல, அதுக்குத்தான் உயரமான சீலிங்கு, கூரை மேல அழகுக்குன்னு நாம நினைக்கிற குட்டி கோபுரம் பலதும் கெட்ட காத்து வெளிய போற வழிதான். ஏழைப் பிள்ளைக்கு இவ்ளோ யோசிச்சு கட்டியிருக்காங்கன்னு நினைக்கிறப்ப மனசு நெகிழ்ந்துடுது.

1904ல போர்டு கலைஞ்சு ஸ்கூலெல்லாம் லண்டன் கவுன்டி கவுன்சில்ங்கிற உள்ளாட்சி அமைப்பு கைக்குப் போச்சு. பின்னாடி பிள்ளைங்க எண்ணிக்கை குறைய குறைய சிலத மூடி வித்துட்டாங்க, வாங்கினவங்க ஃபிளாட் போட்டாங்க. காலியா கிடந்து இடிஞ்சு போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா சீலிங் உயரமா இருக்குன்னு நடுவுல மெசனைன், அதாவது ரூமுக்குள்ளயே ஒரு அரை மாடி போட்டு, ஜன்னல குறுக்கால வெட்டின மாதிரி பண்றத மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல. ஜன்னல்ல பாதி மேல படுக்கைக்கு, மீதி கீழ ஹாலுக்கு, ராப்சன் பாத்துப் பாத்து கொண்டுவந்த வெளிச்சம் ரெண்டு இடத்துக்குமே பத்தாது. மெசனைன ஜன்னல்ல இருந்து நல்லா உள்ள தள்ளிப் போட்டா முழு உயரமும் தப்பிக்கும், கொஞ்சம் இடம்தான் போகும். இந்த மாதிரி வீடு பாக்கப் போறவங்க தயவுசெஞ்சு பகல்ல, எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லிட்டு, மெசனைனுக்கு அடியில நின்னு பாருங்க.