ஒரு சிவப்புக் குறிக்கு நாற்பது மதிப்பெண்

பெண்கள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: ஒருத்தியைச் சேர்ப்பது எளிது, மூன்றாம் மாதமும் அவளை இருக்க வைப்பதுதான் பாடு. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 1847 நவம்பரில் திறந்த யுரேனியா காட்டேஜ் என்ற பெண்கள் காப்பகத்தை, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய விதத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பணம் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற செல்வச் சீமாட்டியுடையது. வீடு பிடித்தது, ஆள் எடுத்தது, துணி வாங்கியது எல்லாம் டிக்கன்ஸ். சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவர்கள் சுமார் ஓராண்டு தங்கினார்கள்.

அங்கே தினமும் மதிப்பெண் போட்டார்கள். உண்மை, உழைப்பு, மனச் சமநிலை, நடத்தை, மது தொடாமை, ஒழுங்கு, நேரம், சிக்கனம், சுத்தம் என ஒன்பது கட்டங்கள். குறையில்லாத நாளுக்குக் கட்டத்துக்கு மூன்று. உண்மைக்கும் மது தொடாமைக்கும் மட்டும் இரண்டு, ஏனென்றால் வீட்டுக்குள் அவற்றில் வழுக்க வாய்ப்பு குறைவு. மிக நன்றாக இருந்தால் நான்கு. ஆயிரம் சேர்ந்தால் ஆறு ஷில்லிங் ஆறு பென்ஸ். கூட்டிப் பார்த்தால் சாதாரண நாளுக்கு 25, ஆயிரத்துக்கு 40 நாள். மோசமாக நடந்தால் சிவப்பு மையில் ஒரு குறி. அது நாற்பதைத் தின்றுவிடும். அதாவது ஒன்றரை நாளுக்கும் மேலான சம்பாத்தியம். உபதேசத்தைவிட இந்தக் கணக்கு சீக்கிரம் உறைக்கும்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் கதைப் பதிவேடு. வந்த அன்றே துருவவில்லை. சில நாள் பழகிய பிறகே அவள் வாயால் சொன்னதை எழுதினார்கள். அதை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனிடமோ மற்றப் பெண்களிடமோ அவள் சொல்லக் கூடாது. இது தெரிந்தவர் போட்ட விதி. ஒருத்தியின் பழசு இன்னொருத்திக்குத் தெரிந்தால், அடுத்த சண்டையில் அதுதான் ஆயுதம். அந்தப் பதிவேடு பிற்பாடு காணாமலே போனது. ஆய்வாளர்களுக்கு நஷ்டம்தான், அந்தப் பெண்கள் வருந்தியிருக்க மாட்டார்கள்.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. சமையல், சலவை, தையல், எழுத்து எல்லாம் கற்பித்தது ஆஸ்திரேலியா போன்ற தூர நாடுகளில் குடியேறக் கப்பலேற்றி அனுப்பத்தான். சேர்ந்த காசும் கரையிறங்கும்போது செலவுக்கென்று பிடித்து வைத்ததே. கடல் தாண்ட மனமில்லாதவளுக்கு அங்கே வேறு பாதை இல்லை. 1853இல் டிக்கன்ஸே கணக்குக் கொடுத்தார்: 30 பேர் நல்ல வேலையில் அமர்ந்தார்கள், 10 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 7 பேர் ஓடிப்போனார்கள். மூன்று பேர் மட்டும் கப்பலேறும்வரை வந்து, மதிப்பெண் போட ஆளில்லாத கப்பலில் பழையபடி ஆனார்கள்.